எஞ்சின் இல்லாத உறுமல்

போன வாரம் நண்பன் தன் ஐயோனிக் 5 என் காரில் என்னை ஏற்றிக்கொண்டான். மின்சாரக் கார். செராங்கூன் ரோட்டைச் சத்தமில்லாமல் தாண்டியது. விரைவுச்சாலைக்கு வந்ததும், "இப்பக் கேளு" என்று எதையோ அழுத்தினான். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒன்று உறுமியது. அந்தக் காரில் எஞ்சினே கிடையாது.

"பொய்தானடா இது?"

"பொய்தான். நல்லா இருக்குல்ல?"

நல்லாத்தான் இருந்தது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு கதையை மதிப்பிடுவதுபோல இந்தப் பொய்யையும் மதிப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது.

முதலில் இதற்கு முன்னால் வந்த ஒன்று. 2011இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்5 காரில் 4.4 லிட்டர் வி8 எஞ்சின் நிஜமாகவே இருந்தது. ஆனால் டர்போ அதன் குரலை அமுக்கிவிட்டது. வெளிச்சத்தம் நுழையாதபடி காரின் உட்புறமும் இறுக்கமாக அடைக்கப்பட்டிருந்தது. எனவே எஞ்சினின் ஒலியைப் பதிவு செய்து, வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கரில் ஓட்டுநருக்குப் போட்டுக் காட்டினார்கள். நடிகர் கண்ணெதிரே நிற்கிறார், குரல் மட்டும் டப்பிங். எனக்கு இதில் எரிச்சல்தான் வருகிறது. அந்த ஒலியை அணைத்துவிட்டாலும் கார் ஓடுவதில் ஒரு மாற்றமும் இருக்காது. அது வெறும் அலங்காரம்.

ஐயோனிக் ஒலியோடு நிற்பதில்லை. தனக்கு 8 கியர் இருப்பதாகவும் பாவனை செய்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டி கியரை மாற்ற வேண்டும். நண்பன் ஒருமுறை வேண்டுமென்றே மாற்றாமல் விட்டான். ஒலி உச்சிக்குப் போய் முட்டியது. காரும் அதற்குமேல் வேகமெடுக்க மறுத்தது. மோட்டாரில் சக்தி மிச்சம் இருந்தும், இல்லாத எஞ்சினுக்காகக் கார் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டது.

எனக்கு வெண்பா ஞாபகம் வந்தது. தளை தட்டக்கூடாது என்பதும் மனிதர்கள் உண்டாக்கிய விதிதானே. ஏற்றுக்கொண்டுவிட்டால் பிழை பிழையாகவே காதில் விழுகிறது. தன் விதிக்குத் தானே கட்டுப்படுகிற பொய்க்கு ஒரு வடிவம் வந்துவிடுகிறது. எஞ்சின் உள்ள காரின் டப்பிங்கைவிட, எஞ்சின் இல்லாத காரின் உறுமல் எனக்கு நேர்மையாகப் பட்டது அதனால்தான்.

ஆனாலும் ஒரு மனக்குறை. அந்த வடிவம் முழுக்கப் பெட்ரோல் காரிடம் வாங்கிய கடன். அதே காரில் போர் விமானத்தை நினைவூட்டும் ஒலியும் உண்டு, அதுவும் கடன்தான். 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் அறிமுகப்படுத்திய மின்கார்களின் ஒலிகளில் ஏ.ஆர். ரஹ்மானின் பங்கு இருந்தது. ஓர் இசையமைப்பாளரைக் கூப்பிட்டதிலேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது: மின்காருக்கு இரவல் குரல் போதாது, புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மாவுக்குக் கிளாக்கோமா. ஓரப்பார்வை குறைந்துவிட்டது, பக்கவாட்டில் வரும் காரைக் காதால்தான் பார்ப்பார். காய்கறிப் பைகளோடு சாலையைக் கடக்கப்போனவர் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருப்பா, ஏதோ வருது." மெல்லிய ரீங்காரத்தோடு ஒரு மின்கார் ஊர்ந்து போனது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

அதுவும் ஸ்பீக்கரில் வந்த செயற்கை ஒலிதான். 2021 ஜூலை முதல் ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புது மின்கார்களும் 20 கிலோமீட்டர் வேகம்வரை இப்படி ஒலி எழுப்பியாக வேண்டும். அந்த ரீங்காரம் எந்த எஞ்சினாகவும் நடிப்பதில்லை. 'நான் வர்றேன், பாத்துப் போங்க' என்பதற்கு மேல் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நண்பனின் காரில் கேட்ட உறுமலை நான் இன்னமும் ரசிக்கிறேன். ஆனால் அது ஓட்டுபவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதை. அம்மாவை நிறுத்திய ஒலி, வெளியே நடந்துபோகிற ஒருவருக்காக எழுப்பப்பட்டது. இரண்டில் எது நல்ல படைப்பு என்று கேட்டால், இப்போதைக்கு நான் அம்மாவின் பக்கம்.