பெயர் ஒன்று, வாசல் பல
உடனடிச் செய்தி மென்பொருட்களின் பதிப்புக் குழப்பம் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

புலம்பெயர் சூழலில் தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களே திரும்பத் திரும்பக் கேட்கின்றன. ஒன்று, ‘இதெல்லாம் பிள்ளைகளின் காரியம், எங்களுக்கு விளங்காது’ என்ற கையறு குரல். மற்றது, ‘தமிழனே ஒரு செயலி செய்துவிட்டான், எல்லோரும் அதற்கு மாறுவோம்’ என்ற பெருமிதக் குரல். மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிரானவை. ஆனால் இரண்டும் ஒரே எடுகோளிலிருந்துதான் புறப்படுகின்றன: குழப்பம் பாவிப்பவரிடம் இருக்கிறது, அவர் பழகிக்கொண்டால் அல்லது இடம் மாறினால் அது தீர்ந்துவிடும் என்பதே அது. இந்த எடுகோளைத்தான் இங்கு கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன். எந்த மெசெஞ்சர், எந்தப் பதிப்பு, எந்த ஐகொன் என்று நம்மவர் தடுமாறுவது அறியாமையால் அல்ல. அந்தத் தடுமாற்றம் உற்பத்தி செய்யப்பட்ட ஒன்று. அதற்கு ஒரு வரலாறும் ஒரு பொருளாதாரமும் உண்டு.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1999 ஜூலையில் எம்.எஸ்.என். மெசெஞ்சரை வெளியிட்டது. அப்போது இத்துறையில் ஆதிக்கம் செலுத்தியது அமெரிக்கா ஒன்லைன் (ஏ.ஓ.எல்.) நிறுவனம். ஏ.ஓ.எல். பாவனையாளரோடும் தன் மென்பொருளிலிருந்தே பேசலாம் என்றது மைக்ரோசொப்ட். ஏ.ஓ.எல். அந்த வழியை அடைத்தது, மைக்ரோசொப்ட் வேறு வழி கண்டது, ஏ.ஓ.எல். மீண்டும் அடைத்தது. இந்த விளையாட்டு சில மாதங்கள் நடந்து, கடைசியில் மைக்ரோசொப்ட் கைவிட்டது. இன்று ஒரு கைபேசியில் ஐந்து செய்திச் செயலிகளைச் சுமந்து திரிகிறோமே, அதன் விதை அங்கே விழுந்தது.

அடுத்த கட்டம் இன்னும் விநோதமானது. 2001 ஒக்ரோபரில் வின்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, அதற்குள்ளேயே ‘வின்டோஸ் மெசெஞ்சர்’ என்ற இன்னொரு மென்பொருள் இருந்தது. செய்தது அதே நிறுவனம்தான், நுழைவதும் அதே கணக்கினால்தான், தெரிவதும் அதே நண்பர் பட்டியல்தான். ஆனால் மென்பொருள் வேறு. சிறிது காலத்தின் பின் எக்ஸ்பியிலும் எம்.எஸ்.என். மெசெஞ்சரை நிறுவ முடிந்தபோது ஒரே கணினியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டும் தனித்தனியாக இலக்கமிடப்பட்டன. ‘ஐந்தாம் பதிப்பு’ என்று ஒருவர் சொன்னால் அது எதனுடைய ஐந்து என்று கேட்க வேண்டியிருந்தது. ஒன்றை நீக்கிவிடலாம் என்றால், எக்ஸ்பியின் நீக்கும் பட்டியலில் வின்டோஸ் மெசெஞ்சர் ஆரம்பத்தில் காட்டப்படவே இல்லை. 2006இல் ‘வின்டோஸ் லைவ் மெசெஞ்சர்’ என்ற மூன்றாவது பெயரும் வந்து சேர்ந்தது. மெசெஞ்சரை வின்டோஸோடு கட்டி விற்றதற்காகத் தென்கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் 2005 டிசம்பரில் மைக்ரோசொப்டுக்கு அபராதம் விதித்தது என்பதையும் இங்கு நினைவுபடுத்த வேண்டும். ஆக, இதைப் பாவிப்பவரின் தலைவலி என்று அல்லாமல் சந்தை அதிகாரத்தின் பிரச்சினை என்று ஓர் அரசு அப்போதே இனங்கண்டிருந்தது.

பின்னர் நடந்தவையும் இதே பாணியில்தான். மைக்ரோசொப்ட் 2011இல் ஸ்கைப்பை 850 கோடி டொலருக்கு வாங்கியது. 2013இல் சீனா தவிர்ந்த நாடுகளில் மெசெஞ்சரை மூடி எல்லோரையும் ஸ்கைப்புக்கு அனுப்பியது. 2015இல் தன் அலுவலக மென்பொருளான ‘லின்க்’ என்பதற்கு ‘ஸ்கைப் ஃபோர் பிஸ்னஸ்’ என்று பெயர் சூட்டியது. பெயரில்தான் ஸ்கைப், உள்ளே வேறொன்று. பிறகு ரீம்ஸ் வந்தது. வேலைக்கும் பள்ளிக்குமான ரீம்ஸ், வீட்டுக்கான ரீம்ஸ், புதிய ரீம்ஸ், ‘கிளாசிக்’ ரீம்ஸ் என அது கிளைத்தது. எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஊதா நிற அடையாளம். 2025 மே 5ஆம் திகதி ஸ்கைப் மூடப்பட்டு, மிஞ்சியவர்களும் ரீம்ஸுக்குப் போகும்படி சொல்லப்பட்டார்கள்.

கூகிளும் சளைத்ததல்ல. 2005இல் ரோக், 2013இல் ஹேங்அவுட்ஸ், 2016இல் அலோவும் டூவோவும். அலோ 2019இலும் ஹேங்அவுட்ஸ் 2022இலும் மறைந்தன. டூவோவை ‘மீற்’ என்று பெயர் மாற்றியபோது பழைய மீற்றும் கைபேசிகளில் இருந்ததால், அதற்கு ‘மீற் (ஒரிஜினல்)’ என்று பெயரிட வேண்டிய நிலை வந்தது. பெயர் வைத்தவர்களுக்கே அடைப்புக்குறி தேவைப்பட்ட இடத்தில் பாவிப்பவரைக் குறை சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

இதற்குப் பின்னாலுள்ள தர்க்கம் என்ன? ஒரு காலத்தில் பொருளியல் விரிவுரையாளனாக இருந்தவன் என்ற வகையில் எனக்கு இது எளிமையாகவே தெரிகிறது. ஒரு செய்தி மென்பொருளின் பெறுமதி அதன் தரத்தில் இல்லை, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. என் அக்கா வைபரில் இருந்தால் நானும் வைபரில் இருந்தாக வேண்டும். எனவே நிறுவனங்கள் போட்டி போடுவது நல்ல மென்பொருளுக்காக அல்ல, ஆட்களின் பட்டியலுக்காக. பழைய பதிப்பை உடனே மூடினால் ஆட்கள் வேறிடம் போய்விடுவார்கள், மூடாவிட்டால் புதியதற்கு வரமாட்டார்கள். ஆகவே இரண்டையும் சிலகாலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடுகிறார்கள். போதாக்குறைக்கு ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு பிரிவுகள் தத்தமது மெசெஞ்சரை வளர்க்கின்றன. அந்த இடைக்காலத்தின் செலவு முழுவதும் பாவிப்பவரின் தலையில் விழுகிறது.

அந்தச் செலவு எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. நான் இப்போது மொன்றியலின் சென்-லோரோன் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் பெட்டிகள் செய்யும் இடம். வேலை முறை அட்டவணை ஒரு செய்திச் செயலி மூலம் வரும். சென்ற குளிர்காலத்தில் நிர்வாகம் அந்தச் செயலியின் புதிய பதிப்புக்கு மாறியது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அதைப் பழக்க ஒரு பகற்பொழுது ஒதுக்கப்பட்டது. ஏஜென்சி மூலம் வருபவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய கைபேசிகளில் பழைய பதிப்பு அப்படியே திறந்தது, பழைய செய்திகளைக் காட்டியது, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றது. ஹெயிற்றியைச் சேர்ந்த ஒரு சகோதரி இரண்டு பஸ் மாறி இரவு பதினொரு மணிக்கு வந்து நின்றாள். வேலை ரத்து என்ற செய்தி மற்றப் பதிப்பில் இருந்தது. போர்மன் கையை விரித்தார். ஓரிரவுச் சம்பளமும் போய், பஸ் காசும் போயிற்று. அவள் மூன்று மொழி பேசுபவள். விளங்கிக்கொள்ளும் திறன் இல்லை என்று அவளை யாராவது சொல்வார்களா? பதிப்புக் குழப்பம் என்பது அவளைப் பொறுத்தவரை கூலிப் பிரச்சினை.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு பரிமாணமும் உண்டு. தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் அழைப்புக்காகக் குடாநாட்டிலிருந்து கொழும்புக்குப் பயணப்பட்டு லொட்ஜுகளில் காத்திருந்தவர்கள் நாம். அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தவை இந்தச் செயலிகள்தான். இதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் சிதறிய ஒரு சமூகத்துக்குச் செய்திச் செயலி என்பது வெறும் கருவியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. திண்ணையும் கடிதப்பெட்டியும் குடும்ப அல்பமும் அதுவே. நண்பர் ஒருவரின் தாயார் ஊரிலிருந்து அனுப்பிய குரற்செய்திகள் மூடப்பட்ட ஒரு செயலியோடு போய்விட்டன. இறுதித் தவணை குறித்த அறிவித்தல் அவர் திறப்பதை நிறுத்திவிட்ட ஒரு மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. தாயார் இப்போது இல்லை. தன் ஆவணங்களைத் தீயிலும் இடப்பெயர்விலும் இழந்த ஒரு சமூகம், மிஞ்சியதையும் அடுத்தவனின் சேமிப்பகத்தில் வாடகைக்கு வைத்திருக்கிறது என்பதை நம் புத்திஜீவிகள் போதிய அளவு கவனத்தில் எடுத்ததாகத் தெரியவில்லை. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் இலங்கை அரசு வைபரையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. வாசல்கள் பல இருந்தபோதும், சாத்த நினைத்த கை எல்லாவற்றையும் ஒரே நாளில் சாத்தியது.

இனி, பெருமிதக் குரலுக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் 2021இல் ‘அரட்டை’ என்ற செயலியை வெளியிட்டது. 2025 செப்ரெம்பரில் இந்திய ஒன்றிய அமைச்சர்களின் பரிந்துரையோடு அது திடீரெனப் பெருகியது. உடனே நம்மிடையேயும் ‘எல்லோரும் மாறுவோம்’ என்ற அறைகூவல் எழுந்தது. தமிழ்ப் பெயர் ஒன்று இந்தியா முழுவதும் உச்சரிக்கப்பட்டதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் அந்த வேளையில் அதன் எழுத்துச் செய்திகளுக்கு இரு முனைக் குறியாக்கம் இருக்கவில்லை. அரசுகளின் கண்ணுக்குப் பயந்து நாடு விட்டவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, நம்மவர் கேட்டதோ பெயரை. அடுத்து, மாறுவது என்பது ஆறாவது வாசலைத் திறப்பதுதான், மற்ற ஐந்தும் அப்படியே இருக்கும். இதைவிட முக்கியமான ஒன்றை அந்நிறுவனத்தின் நிறுவனரான சிறீதர் வேம்புவே சொன்னார்: மின்னஞ்சலைப் போல, இந்தியாவின் யூ.பி.ஐ. பணப் பரிமாற்றத்தைப் போல, செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று. கொண்டாடியவர்களில் எத்தனை பேர் இதைக் காதில் வாங்கினார்கள்?

பெயர் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான் வாழும் கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மொழி அலுவலகம், இணைய அரட்டைக்கு 1997இலேயே ‘கிளாவர்டாஜ்’ என்ற சொல்லை முன்வைத்தது. விசைப்பலகையைக் குறிக்கும் சொல்லையும் வம்பளப்பைக் குறிக்கும் சொல்லையும் பிணைத்துச் செய்த சொல் அது. கவனிக்க வேண்டியது, அவர்கள் பெயரிட்டது செயலை, சரக்கை அல்ல. எந்த நிறுவனம் வந்தாலும் போனாலும் அந்தச் சொல் நிற்கும். நாமோ வட்ஸ்அப்புக்குப் ‘புலனம்’ என்று பெயர் சூட்டி, அந்நிய வணிக முத்திரை ஒன்றுக்குத் தமிழ்ச் சட்டை தைத்துக் கொடுக்கிறோம்.

இவ்விடத்தில் நம்முடைய சொந்த அனுபவம் ஒன்றே வழி காட்டுகிறது. தொண்ணூறுகளில் தமிழைக் கணினியில் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும்: பாமினியில் ஒருவர், மயிலையில் ஒருவர், இணைமதியில் இன்னொருவர். ஒருவர் அனுப்பிய கட்டுரை மற்றவர் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். ‘என்ன எழுத்துரு?’ என்று கேட்டுப் பதில் வந்த பின்னர்தான் படிக்கலாம். பின்னர் திஸ்கி வந்தது. 1999 தமிழ்நெற் மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசின் டாப், டாம் வந்தன. ஒவ்வொன்றும் தானே தீர்வு என்றது, ஒவ்வொன்றும் குழப்பத்தில் ஒன்றைக் கூட்டியது. கடைசியில் எந்த ஒரு எழுத்துருவும் வெல்லவில்லை. எல்லா எழுத்துருக்களுக்கும் அடியில் கிடக்கும் பொதுக் குறிமுறையாக யூனிகோட் நிலைபெற்றது. தமிழுக்கு அதில் ஒதுக்கப்பட்ட இடம் போதாது என்ற விமர்சனம் நியாயமானது, தொடர வேண்டியதும்கூட. ஆயினும் இன்று உங்கள் எழுத்துரு எது என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரையும் ஒரே சரக்குக்குள் அடைத்து அந்த ஒற்றுமையை உண்டாக்கவில்லை. சரக்குகளுக்கு இடையில் ஒரு பொது விதி வைக்கப்பட்டது, அவ்வளவே.

செய்தி மென்பொருளுக்கும் இது முடியாத காரியமல்ல. கூகிள் ரோக் ஒரு திறந்த நெறிமுறையில் இயங்கி, 2006 முதல் வேறு சேவையகங்களில் இருந்தவர்களோடும் பேசியது. ஹேங்அவுட்ஸுக்கு மாறியபோது கூகிள்தான் அந்தக் கதவை மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு டிஜிற்றல் சந்தைச் சட்டம், வட்ஸ்அப், பேஸ்புக் மெசெஞ்சர் ஆகிய இரண்டும் கேட்கும் மற்றச் சேவைகளோடு பேச இடமளிக்க வேண்டும் என்கிறது. 2024 மார்ச்சிலிருந்து அந்தக் கடப்பாடு நடைமுறைக்கு வந்தது. முதலில் இருவருக்கிடையிலான செய்திகள், குழுக்கள் பின்னர். கனடாவில் இவ்வாறான கட்டாயம் இல்லை. கியூபெக்கின் 25ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் நிறுவனத்திடம் கொடுத்த தன் கணினித் தரவைப் பொதுவான வடிவத்தில் திருப்பிக் கேட்கும் உரிமையை 2024 செப்ரெம்பரிலிருந்து தந்திருக்கிறது. இது சிறிய உரிமைதான். ஆனால் பார்க் எக்ஸ்ரென்சனில் வருமானவரிப் படிவம் நிரப்ப உதவும் நம் சங்கங்கள், இந்த உரிமையைப் பாவித்து ஓர் அம்மாவின் குரற்செய்திகளை மீட்டெடுக்கவும் உதவலாம் அல்லவா?

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். எந்தச் செயலிக்கு மாறுவது என்ற விவாதத்தை நிறுத்துவோம். செயலிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்ற கோரிக்கையை, மொழியுரிமைக்கும் குடிவரவுக்கும் மனுக் கொடுக்கும் அதே கைகளால் இங்குள்ள பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோவோம். அது வரும்வரை, நம் அமைப்புகளும் இதழ்களும் மாறாத முகவரியாக மின்னஞ்சலை வைத்திருக்கட்டும். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, எந்த நிறுவனத்தினாலும் தனியே மூட முடியாத வாசல் அது ஒன்றுதான். தொழிலாளிக்கு வேலை ரத்து என்று அறிவிக்கும் பொறுப்பு செயலியைச் சாராது, முதலாளியைச் சார்ந்தது என்பதைத் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கட்டும்.

1874இல் பேர்ணில் கையெழுத்தான அஞ்சல் உடன்படிக்கையால் ஒரு நாட்டு முத்திரையை மற்ற நாட்டுத் தபாற்காரர் மதிக்க வேண்டியதாயிற்று. பருத்தித்துறையில் போட்ட கடிதம் மொன்றியலுக்கு வந்துசேர, இரண்டு ஊரிலும் ஒரே கம்பனித் தபாற்பெட்டி இருக்கவேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் காகிதத்துக்கு முடிந்தது இன்று ஏன் முடியாது என்று கேட்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை. மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும்.