காளமேகத்தின் நாவும் நாத்தானின் நாவும்

அரசவையில் உண்டு உடுத்து வாழ்ந்த புலவர் தமிழகத்தில் மிகப் பலர். அவருள் மக்கள் நினைவில் இன்றும் சிரித்தபடி நிற்பவர் கவி காளமேகம். 15ஆம் நூற்றாண்டினர். நினைத்தவுடன் பாடும் ஆசுகவி; சிலேடையில் இணையற்றவர்; வசை என்றாலே அவர் பெயர் முன்வந்து நிற்கும். திருவானைக்கா உலா முதலிய நூல்கள் அவருக்கு உண்டெனினும், அவரை வாழவைப்பவை தனிப்பாடல்களே. நகைச்சுவைப் புலவராக மட்டும் அவரைப் படிப்பது நம் வழக்கம். திருமறை மேடையில் நின்று பேசும் பொறுப்புடைய நாம் அவரை வேறொரு கேள்வியோடு படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. பெரியோர் பந்தியில் உண்ணும் நாவு யாருக்காகப் பேசுகிறது என்பதே அக்கேள்வி.

அவர் வரலாறாக நமக்கு வந்திருப்பது பெரும்பாலும் செவிவழிக் கதை. தமிழ் நாவலர் சரிதையும், பின்னாளில் வீராசாமிச் செட்டியாரின் விநோதரச மஞ்சரியும் அதை வளர்த்தெடுத்தன. வரதன் என்ற பெயருடன் திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணியாற்றியவர், ஆனைக்காவின் நடனப்பெண் ஒருத்தியின்மேல் கொண்ட காதலால் வைணவம் விட்டுச் சைவரானார் என்றும், அங்கே அம்மையின் அருளால் கவி பாடும் ஆற்றல் பெற்றார் என்றும் கதை செல்கிறது. வரலாற்றுச் சான்றாக இவற்றைக் கொள்ள இயலாது. ஆயினும் ஒரு சமுதாயம் தன் புலவனை எவ்வாறு காண விரும்பியது என்பதற்கு இவை சான்றாகும்.

அக்கதைகளுள் தலையாயது திருமலைராயன் அவையில் நிகழ்ந்தது. இன்று காரைக்கால் பகுதியிலுள்ள திருமலைராயன்பட்டினம் அவ்வரசனின் ஊர். அங்கே அதிமதுரகவியும் தண்டிகை ஏறும் அறுபத்து நான்கு புலவரும் வீற்றிருக்க, காளமேகத்துக்கு இருக்கை தருவாரில்லை. எரியும் நெருப்பின்மேல் தொங்கும் உறியில் அமர்ந்து, பிறர் விடுக்கும் குறிப்புகளுக்கெல்லாம் உடனுக்குடன் பாடும் யமகண்டம் என்னும் போட்டியில் அவர் வென்றார். வென்றும் உரிய மதிப்பு கிட்டவில்லை. சினந்த புலவர் அவ்வூர் மண்மாரியால் அழிக என்று அறம் பாடினாராம்.

மடைப்பள்ளிப் பணியாளன் ஒருவன் பல்லக்குப் புலவரை நாவினாலேயே வெல்வது நம் உள்ளத்துக்கு இனிக்கிறது. எளியவனின் சிரிப்பு வலியவனின் செருக்கைக் குலைக்கும் என்பது உண்மையே. இப்புலவரிடம் நாம் மெச்ச வேண்டிய வரமும் அதுவே. ஆனால் மண்மாரி யார்மேல் பெய்தது? அரசன்மேல் மட்டுமா? இருக்கை மறுத்தவர் அவையிலிருந்த சிலர். அழிய வேண்டியதோ ஊர் முழுவதும். அவ்வூரின் மீனவனும் உழவனும் புலவருக்குச் செய்த தீங்கு என்ன? நினிவேயின் அழிவுக்காகக் காத்திருந்த யோனாவிடம் கடவுள் கேட்டது இக்கேள்விதான். அந்நகரின் லட்சத்திருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களையும் மிருக ஜீவன்களையும் எண்ணி இரங்கினவர் அவர். காளமேகத்தின் சினம் தம் இருக்கையின் அளவே உடையது. அது எரிகிறது, ஆயினும் தீர்க்கதரிசியின் சினம் அன்று.

இனி அவருடைய சிலேடையைக் காண்போம். பாம்பையும் வாழைப்பழத்தையும், பாம்பையும் எள்ளையும், வைக்கோலையும் யானையையும் ஒரே பாட்டில் பொருத்திக் காட்டியவர் அவர். களம் என்ற ஒரு சொல் வைக்கோலுக்கு நெற்களமாகவும் யானைக்குப் போர்க்களமாகவும் நிற்கும். ஆரணியில் குருப்பணி செய்த நமக்கு இது மயில்கழுத்துப் பட்டை நினைவூட்டுகிறது. பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். சேலையை அசைக்கும்போது ஒரு நிறம் மறைந்து மற்றொன்று தோன்றும். கைத்திறனில் இதற்குக் குறை சொல்வாரில்லை. ஆனால் நாவின் திறனை அது எதற்குப் பயன்பட்டது என்றும் கேட்டே மதிப்பிட வேண்டும்.

நாகைக் காத்தான் சத்திரத்துக் கதை இதற்குத் தக்க சான்று. பசியோடு வந்த புலவருக்கு உணவு வர நெடுநேரம் ஆயிற்று. இங்கே பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், அதைக் குத்தி உலையிலிடுவதற்குள் ஊர் உறங்கிவிடும், இலையில் ஓர் அகப்பைச் சோறு விழும்போது விடிவெள்ளி எழும் என்று பொருள்பட அவர் பாடினார். பழிக்கு அஞ்சிய காத்தான் வேண்டிக்கொள்ளவே, அதே சொற்களுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் உரைத்தாராம். பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து சேரும், ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மை வெள்ளி மீனை ஒக்கும் என்பது மறுபொருள். பாட்டு மாறவில்லை, பாடியவர் வயிறு நிறைந்தது, பொருள் மாறியது. பெரும்புலமை என்று இதைக் கொண்டாடுகிறோம். அன்றிரவு அச்சத்திரத்தில் பசித்திருந்த மற்ற வழிப்போக்கர் எத்தனை பேர் என்று எவரும் கேட்டதில்லை. நாளைக்கு அங்கே வந்து காத்திருப்பவனுக்கு அந்த மறுபொருளால் ஒரு பிடிச் சோறும் முன்னதாக வரப்போவதில்லை.

நாத்தானும் அரசவையில் இருந்தவரே. தாவீதின் உப்பைத் தின்றவர். அவர் சொன்ன கதையும் ஒருவகைச் சிலேடையே. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடித்து அடித்த கதையை அரசன் ஒரு பொருளில் கேட்டுச் சினந்தான்; உரியாவின் மனைவி என்ற மறுபொருள் உள்ளே மறைந்திருந்தது. இருவர்தம் கலையும் ஒன்றே. வேற்றுமை முடிவில் உள்ளது. காளமேகத்தின் இரண்டாம் பொருள் பாடியவரும் கேட்டவரும் தப்பிச் செல்லத் திறந்த வாயில். நாத்தானின் இரண்டாம் பொருளோ தாவீதுக்கு இருந்த வாயில்களையெல்லாம் அடைத்தது. அந்த மனுஷன் அரசனே என்று விரல் நீட்டிச் சொன்ன பின் வேறு உரைக்கு அங்கே இடமில்லை. மேலும், நாத்தான் தமக்கு நேர்ந்த அவமதிப்புக்காகப் பேசவில்லை. வாய் திறக்க இயலாதபடி மாண்டுபோன உரியாவுக்காகப் பேசினார்.

இவ்வளவும் புலவரைக் குறை கூறுவதற்காக எழுதப்படவில்லை. நம்மைக் குறித்தே எழுதுகிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆரணியில் பட்டு முதலாளி ஒருவர் புதிய தறிக்கூடத்தைப் பிரதிஷ்டை செய்ய நம்மை அழைத்தார். பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பதும், நெய்த சேலையை நிறுத்து வாங்குவதும், எடை குறைந்தால் கூலியில் பிடிப்பதும் அத்தொழிலின் வழக்கம். அத்தராசின்மேல் நெசவாளர்க்கு ஐயம் இருந்ததை நாம் அறிந்தே இருந்தோம். எனவே கள்ளத்தராசைக் குறித்து நீதிமொழிகளிலிருந்து பேசினோம். முதலாளி மகிழ்ந்து, நூல் விற்பவர் தம்மை ஏமாற்றுவதை ஐயர் நன்றாகச் சொன்னார் என்றார். நெசவாளர் ஒருவரும் வாசலில் நம் கையைப் பற்றி, எங்களுக்காகவே பேசினீர்கள் என்றார். இருவரையும் மகிழ்வித்தோம் என்று நிறைவுற்று, இலை போட்டு உண்டு வந்தோம். தராசை எவரும் சோதிக்கவில்லை. சில மாதங்களில் அந்நெசவாளர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார். நாம் பாடியதும் காத்தான் சத்திரத்துப் பாட்டே என்று உணர நமக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அவைக்கு அஞ்சாதவர் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னருடன் பயின்றவர். மன்னரின் நட்பையும் ஆதரவையும் பெற்றவர். மன்னர் தம் தெய்வத்தின்மேல் பாடுமாறு கேட்டபோது அவர் மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. ஆயினும் திருச்சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க இளம் மிஷனரிமார் முற்பட்டபோது, அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. அரசன்முன் அஞ்சாத நாவும் தன் சுற்றத்தார் பந்தியில் தடுமாறக்கூடும். இதை நாம் மறைக்கலாகாது. நமக்கும் இது எச்சரிப்பாகும்.

ஆகவே குருமாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. பெரியோர் வீட்டில் உண்பது குற்றமன்று. நம் ஆண்டவரும் ஆயக்காரர் பந்தியில் அமர்ந்தார். ஆனால் அவர் எழுந்து சென்றபின் சகேயுவின் கணக்கு மாறியிருந்தது. சொல்நயத்தையும் நகையையும் காளமேகத்திடம் கற்றுக்கொள்ளுங்கள். அவை தமிழ்ப் பிரசங்கத்துக்குப் பெரிதும் தேவை. ஆனால் பிரசங்கத்தை எழுதி முடித்ததும் ஒருமுறை திரும்பப் படித்து, அங்கே இல்லாத ஏழையின் ஆட்டுக்குட்டி அதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருதரத்தாரும் ஒருங்கே புகழும் பிரசங்கத்தை இன்னும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.