குழாய்க் குறியின் அழகு

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, தேனி மாவட்டப் பிள்ளைகள் கைக்கு வந்த பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் கேள்வி வரும்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரா, பாஸ் லினக்ஸா? பாஸ், டெபியனை அடித்தளமாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது. நான் பார்த்த பிள்ளைகள் பலரும் விண்டோஸையே தொட்டார்கள். அந்த ஸ்டார்ட்டர் பதிப்பிலோ திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பாஸில் அமைப்புகள் பெரும்பாலும் 'எட்ஸி' என்ற கோப்புறைக்குள் வெறும் எழுத்துக் கோப்புகளாகக் கிடக்கும். திறந்து படிக்கலாம், திருத்தலாம், கெடுத்தும் வைக்கலாம். கெடுக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்ததால்தான் இப்படித் திறந்துவைக்கும் கொள்கை மீது எனக்கு இவ்வளவு மரியாதை.

அந்தக் கொள்கையின் வேர், பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளம். யூனிக்ஸுக்கும் முன்பே, 1964-இல், அங்கிருந்த டக் மக்கில்ராய் எழுதிவைத்தார்: தோட்டத்து ஹோஸைத் துண்டு துண்டாக மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட வழி வேண்டும். 1973-இல் கென் தாம்சன் அதைச் செய்துகாட்டினார். கம்பம் திராட்சைத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் இழுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போடி ஏலக்காய் ஏலத்தின் ஒருநாள் பட்டியல் எழுத்துக் கோப்பாக இருக்கிறது என்று வையுங்கள்: லாட் எண், எடை, விலை, வாங்கியவர். யார் எத்தனை லாட் எடுத்தார்? 'கட்' என்ற சிறு யூனிக்ஸ் நிரல் வாங்கியவர் பெயரை மட்டும் பிரித்தெடுக்கும். 'சார்ட்' ஒரே பெயர்களை அடுத்தடுத்து நிறுத்தும். 'யூனிக்' எண்ணிச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு செங்குத்துக் கோடு, அதுதான் குழாய்க் குறி, அவ்வளவுதான். இவற்றில் எதற்கும் ஏலக்காய் என்றால் என்னவென்றே தெரியாது. அடுத்தடுத்த வரிகளை மட்டுமே 'யூனிக்' ஒப்பிடும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அதை ரசிக்கிறேன். வரிசைப்படுத்துவது 'சார்ட்' வேலை. அதில் இது கைவைக்காது.

இந்த அடக்கம் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளும் வேண்டாமா? 1992 ஜனவரியில் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் கிளப்பிய சண்டை அதுதான். எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள் அடைத்த லினக்ஸ் காலாவதியானது என்றார். அவருடைய மினிக்ஸ் இயங்குதளத்தில் கெர்னல் சின்னது, கோப்பு மேலாண்மை போன்றவை வெளியே தனித்தனியாக ஓடும். லினக்ஸை எழுதிய 22 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் விடவில்லை. ஆனால் கோட்பாட்டிலும் அழகிலும் இத்தகைய சின்னக் கெர்னலான மைக்ரோகெர்னலே மேல் என்று ஒப்புக்கொண்டார். என் மனசும் டனன்பாம் பக்கம்தான். ஒரு டிரைவர் விழுந்தால் மொத்த அமைப்பும் ஏன் விழ வேண்டும்? ஆனாலும் பகுதிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஒவ்வொரு முறையும் நேரம் செலவாகும். அன்றைய 386 கணினியில் அது சின்னச் செலவல்ல.

இன்று போடி வியாபாரி விலை பார்க்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். மினிக்ஸும் ஒழிந்துபோகவில்லை. 2015-க்குப் பிந்தைய இன்டெல் சில்லுகளின் மேலாண்மைப் பகுதியில் அது ஓடுவது 2017-இல் பரவலாக வெளியே தெரிந்தது. மேலே விண்டோஸ் ஓடும் கணினியிலும்தான்.