ஹால் சொன்னது, பூல் நம்பினார்

வெள்ளையின் ராணி எதிராளியின் மூலைக் கட்டத்தில் தனியாக நிற்கிறது. கருப்பின் ராணியோ வெள்ளை முகாமுக்குள் புகுந்துவிட்டது. வெள்ளை ராஜாவைக் குறிவைத்து இரண்டு குதிரைகளும் ஒரு பிஷப்பும் தயார் நிலையில் இருக்கின்றன. ‘டிஸ்கவரி’ விண்கலத்தில் விண்வெளி வீரர் ஃபிராங்க் பூலும் ஹால் 9000 என்ற கணினியும் ஆடும் செஸ் ஆட்டம் திரையில் தெரியும்போது நிலைமை இதுதான். ஸ்டான்லி கூப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968இல் வந்த படம். எனக்குப் பிடித்த அறிவியல் புனைவுப் படங்களில் அதற்கே முதலிடம். சட்டென்று முடிந்துவிடும் இந்தச் செஸ் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆட்டம் கற்பனையானதல்ல. 1910இல் ஹாம்பர்க் நகரில் ரோஷ் என்பவருக்கும் வில்லி ஷ்லாகேவுக்கும் இடையே உண்மையில் நடந்தது. கருப்புக் காய்களுடன் ஆடிய ஷ்லாகே 15 நகர்த்தல்களில் கதையை முடித்தார். தொடக்கம் ரூய் லோபஸ். வெள்ளை சறுக்கிய இடம் 12ஆவது நகர்த்தல். மூலையில் கிடைத்த யானையை ராணியால் அள்ளிக்கொண்டது வெள்ளை. கணக்கில் லாபம்தான். ஆனால் அடுத்த நொடியே கருப்பு ராணி முன்னேறி, வெள்ளை ராணியின் முன்னால் முதலில் நின்ற சிப்பாயின் வழியை மறித்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சிப்பாய் நகராமல் ராணிப் பக்கத்துப் பிஷப்புக்கு வழியில்லை. அந்தப் பக்கத்து யானை, குதிரை, பிஷப் மூன்றும் ஆட்டம் முடியும்வரை புறப்பட்ட கட்டத்தைவிட்டு அசையவே இல்லை. மூன்று காய்கள் உறக்கத்தில், ராணி ஊருக்கு வெளியே. ராஜாவைக் காப்பாற்ற ஆளில்லை.

பூலின் பங்கு இதற்குப் பிறகு வருகிறது. ராணியால் ஒரு சிப்பாயை வெட்டுகிறார். ஹாலின் பிஷப், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை வெட்டுகிறது. நல்ல நகர்த்தல் என்று பூல் மனம்விட்டுப் பாராட்டுகிறார். அடுத்து யானையை ஒரு கட்டம் தள்ளி வைக்கிறார். அத்தோடு ஆட்டம் முடிந்தது. கருப்பு ராணி நேராக வெள்ளைப் பிஷப்பின் வாயில் போய் நிற்கப்போகிறது. பிஷப் ராணியை வெட்டினால் ஒரு குதிரை மேட் வைக்கும். வெட்டாமல் விட்டால் இன்னொரு குதிரை மேட் வைக்கும். இரண்டு குதிரைகளுக்கும் வேலை வைத்திருக்கும் இப்படியொரு ராணி தியாகம் காலத்துக்கும் ரசிக்கத்தக்கது.

ஆனால் இந்த முடிவை ஹால் அறிவிக்கும் விதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. அன்றைய குறிப்பு முறையில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் வரிசைகளைத் தன் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். கருப்பு ராணி போகும் கட்டம் கருப்புக்கு ஆறாம் வரிசை. ஹால் மூன்று என்கிறது. அடுத்து, அந்தக் கருப்பு ராணியை வெள்ளை வெட்டியே தீரவேண்டும் என்பதுபோல ஒரே ஒரு வழியைச் சொல்கிறது. உண்மையில் வெள்ளை தன் ராணியைக் குறுக்கே எறிந்து ஓரிரு நகர்த்தல்கள் இழுத்திருக்கலாம். தோல்வி தோல்விதான், ஆனால் ஹால் சொன்ன பாதை கட்டாயமானதல்ல.

இது திரைக்கதையில் நேர்ந்த பிழையா, ஹால் பழுதடைவதற்கான முதல் அறிகுறியா என்று ரசிகர்கள் வெகுகாலமாக விவாதிக்கிறார்கள். கூப்ரிக் இளம் வயதில் நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் காசு வைத்துச் செஸ் ஆடியவர். படத்தில் வரும் ரஷ்ய விஞ்ஞானியின் பெயர் ஸ்மிஸ்லோவ். 1957இல் உலக சாம்பியனான வாசிலி ஸ்மிஸ்லோவின் பெயர் அது. இப்படிப்பட்ட இயக்குநர் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. எப்படியானாலும், நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பூலின் முகத்தைத்தான். பலகையைச் சற்றே பார்க்கிறார், நீ சொல்வது சரிதான் என்கிறார், தோல்வியை ஒப்புக்கொள்கிறார். சொன்ன வழியை அவர் சரிபார்க்கவில்லை. பின்னர் ஆண்டெனா பாகமொன்று 72 மணி நேரத்துக்குள் பழுதாகும் என்று ஹால் அறிவிக்கும்போதும் கலத்தில் இருப்பவர்கள் முதலில் அதை நம்பத்தான் செய்கிறார்கள். கழற்றிச் சோதித்தால் அதில் குறையே இல்லை.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், கூப்ரிக்குடன் சேர்ந்து இதன் திரைக்கதையை எழுதியவர். அதே 1968இல் வெளியான அவருடைய நாவலில் நிலைமை வேறு. அங்கே ஹால் முழுத் திறமையுடன் ஆடினால் மனிதர் யாரும் தேறமாட்டார்கள். அதனால் பாதி ஆட்டங்களில் மட்டுமே ஜெயிக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். வீரர்களும் அது தெரியாததுபோல் நடிக்கிறார்கள். விளையாட்டை நேசிக்கும் எவருக்கும் பூலின் தோல்வியைவிட இந்த ஏற்பாடுதான் அதிகம் வலிக்கும். விட்டுக்கொடுக்கப்பட்ட வெற்றியை வைத்துக்கொண்டு ஆட்டக்காரன் என்ன செய்வான்?

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்திலும் செயற்கை மனிதன் ராணியைத் தியாகம் செய்தே மேட் வைக்கிறான். அதன் கடைசி நகர்த்தல்கள் 1851இல் லண்டனில் ஆண்டர்சன், கீசெரிட்ஸ்கியை வீழ்த்திய புகழ்பெற்ற ஆட்டத்திலிருந்து வந்தவை. இயந்திரம் வெல்ல வேண்டிய இடத்தில் இரு இயக்குநர்களும் பழைய மனித ஆட்டக்காரர்களின் துணிச்சலையே அதற்குக் கொடுத்தார்கள்.

நிஜ இயந்திரம் வேறு பாணியில் வந்தது. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் ப்ளூ, கேரி காஸ்பரோவுடன் ஆறு ஆட்டங்கள் ஆடியது. நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் இயந்திரம். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். இரண்டாவது ஆட்டம் ரூய் லோபஸ், அதிலும் ஸ்மிஸ்லோவின் பெயரைத் தாங்கிய கிளை. ஒரு கட்டத்தில் ராணியை உள்ளே அனுப்பிச் சிப்பாய்களை அள்ளும் வாய்ப்பு டீப் ப்ளூவுக்குக் கிடைத்தது. ஹாம்பர்க் வெள்ளைபோல் அது ஆசைப்படவில்லை. எதிராளியின் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தது. கணினி இப்படி ஆடும் என்று காஸ்பரோவ் எதிர்பார்க்கவே இல்லை. 45ஆவது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்ய அந்த நிலையில் வழியிருந்தது என்று மறுநாளே ஆய்வாளர்கள் காட்டினார்கள். இயந்திரம் அதைக் கவனிக்காமல் விட்டிருக்காது என்ற எண்ணத்தில் அவர் தேடாமலே விட்டார்.

பூல் ஒப்புக்கொண்டது உண்மையான தோல்வியை. காஸ்பரோவ் ஒப்புக்கொண்டதோ இன்னும் வந்து சேராத தோல்வியை. அடுத்த மூன்று ஆட்டங்களும் டிரா. ஆறாவது ஆட்டம் 19 நகர்த்தல்களில் கைநழுவியது. முடிவு 3.5–2.5. இரண்டாம் ஆட்டத்தில் அந்த அரைப்புள்ளி கிடைத்திருந்தால், கடைசி ஆட்டத்தில் அப்படித் தோற்றிருந்தாலும் போட்டி 3–3 என்று சமனாகியிருக்கும்.