கியர்பாக்ஸையும் சேர்த்தா?

பழைய அம்பாசடரைப் புதுப்பிப்பவர்கள் மத்தியில் இப்போது ஒரு பழக்கம் பரவி வருகிறது. இன்ஜினை மட்டும் மாற்றினால் அரைகுறை வேலையாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியாக வந்து, ஒன்றாகவே காருக்குள் இறங்கினால்தான் வேலை சுத்தமாம். 1960களின் மார்க் 2 ஒன்று கண்ணாடி போன்ற பெயின்ட்டோடு நிற்கிறது. பானெட்டைத் திறந்தால் உள்ளே இசுசூ 1.8 லிட்டர் இன்ஜின். கதவைத் திறந்தால் தரையைத் துளைத்துக்கொண்டு ஐந்து கியர்க் கம்பி. உரிமையாளரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “எதையும் கெடுக்கலை சார், செட்டா போட்டிருக்கு. நாளைக்கே பழசை மாட்டிடலாம்.” எனக்கு ஒப்பாதது இந்தப் பதில்தான்.

தொழில்முறையில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. வேறொரு இன்ஜினுக்குப் பின்னால் பழைய கியர்பாக்ஸை மாட்டப் போனால் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகளே சேராது; நடுவில் தனியாக ஒரு தகடு கடைந்து வைக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டின் உள்பற்கள் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களோடு பொருந்தாது. அந்த ஷாஃப்ட்டின் நுனி கிராங்குக்குள் போய் அமரும் புஷ்ஷை லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் கிளட்ச் உதறும், பேரிங் அலறும். ஜோடியாக வந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இறக்குவதும் சுலபம். தரையில் வைத்தே கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தி, இரண்டையும் சேர்த்து முடுக்கி, ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, செயின் பிளாக்கில் தூக்கி, வால் பக்கத்தைத் தாழ்த்தி உள்ளே விடலாம். இன்ஜினின் பாரம் முழுவதும் அந்த மெல்லிய ஷாஃப்ட்டில் தொங்கி அது வளைந்துபோகும் ஆபத்து இல்லை. ஐந்தாவது கியர் இருந்தால் நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தாமல் ஓடும், எரிபொருளும் மிச்சமாகும்.

ஆனால் ஜோடி முழுமையானது என்கிறார்களே, அது சரியல்ல. பின்சக்கர ஓட்டமுள்ள காரில் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றின் கணக்கும் ஒன்றோடொன்று கட்டப்பட்டது. ஐம்பது குதிரைத்திறனைச் சற்றே தாண்டும் 1489 சிசி இன்ஜின் நான்கைந்து பேரையும் டிக்கி நிறைய மூட்டையையும் இழுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் காலப் பின் ஆக்சிலின் பல்கணக்கு வைக்கப்பட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால், முதல் கியர் வண்டி நகர்ந்ததும் தீர்ந்துபோகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கும் வண்டிக்குக் கூடுதல் வேகம் கொடுத்துவிட்டு பிரேக்கைப் பற்றி யோசிக்காதவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் கூடுதல் பணம் செலவழித்தால் சரிசெய்யக்கூடிய குறைகள். என் ஆட்சேபம் பணத்தால் தீராத ஒன்றைப் பற்றியது.

இன்ஜின் மாற்றத்தை என்னால் ஓரளவு பொறுத்துக்கொள்ள முடியும். அது பானெட்டுக்கு அடியில் இருப்பது. அதன் சத்தமும் இழுவையும் மாறலாம். ஓட்டுகிறவரின் கைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கியர்பாக்ஸ் அப்படியில்லை. ஓட்டுநரின் இடது கை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை தொட்டுப் பேசும் உறுப்பு அது. அம்பாசடரில் அந்தக் கம்பி ஸ்டீயரிங் தண்டிலிருந்து கிளம்புகிறது. தன் பக்கமாக இழுத்தோ விட்டோ, மேலும் கீழும் தள்ளி கியர் போட வேண்டும். கை அசைந்ததும் தண்டை ஒட்டி இறங்கும் நீண்ட கம்பிகள் பானெட்டுக்குள் நகர்ந்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் போய் வேலை செய்கின்றன. இத்தனை தூரம் கடந்து போகும் அசைவில் ஒரு தொய்வு இருக்கும். அந்தத் தொய்வு எங்கே முடிந்து பல் எங்கே பிடிக்கத் தொடங்குகிறது என்பது ஒவ்வொரு வண்டியிலும் வேறு. அதைக் கண்டுபிடித்தவர்தான் அந்த வண்டியின் ஓட்டுநர்.

அந்தக் கால நான்கு கியர்ப் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்க வேண்டுமானால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, இன்ஜின் வேகம் ஏறியதும் மறுபடி கிளட்ச் மிதித்து ஒன்றைப் போட வேண்டும். டபுள் கிளட்ச். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஆள் நிறைந்த அம்பாசடரை ஏற்றிச் சென்ற ஓட்டுநர்கள் இதை வளைவுக்கு வளைவு செய்தார்கள். சத்தத்தை வைத்தே நேரம் கணித்தார்கள். டாக்கோமீட்டர் எல்லாம் அந்த வண்டியில் இல்லை. தவறினால் பற்கள் கறகறவென்று உரசும், ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். இந்தத் திறமை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. ஓட்டிக் காட்டுகிறவர் இருந்து, பக்கத்தில் கற்றுக்கொள்கிறவரும் இருந்து, அவர்களுக்கு நடுவே அந்தக் கியர்பாக்ஸும் இருந்தால்தான் அது கை மாறும். மூன்றில் ஒன்றைக் கழற்றிவிட்டால் மற்ற இருவரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முன் இருக்கையின் கதையும் இதுதான். கியர்க் கம்பி ஸ்டீயரிங்கோடு போனதால்தான் அம்பாசடரின் முன்பக்கம் ஒரே நீள இருக்கையாக இருக்க முடிந்தது. ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர், நடுவில் யார் மடியிலோ ஒரு குழந்தை, கல்யாணக் கூட்டமென்றால் கதவோரம் இன்னொருவர். எத்தனையோ குடும்பங்கள் பயணம் போன விதத்தைத் தீர்மானித்தது அந்த நீள இருக்கை. தரையிலிருந்து கம்பி முளைத்ததும் நடு இடம் போய்விடுகிறது. பிறகு இரண்டு தனி இருக்கைகள், நடுவில் ஒரு பெட்டி, அதன்மேல் கோப்பை வைக்கக் குழி. வெளியே 1965, உள்ளே உட்கார்ந்தால் எந்த ஆண்டு என்றே சொல்ல முடியவில்லை. கியர்பாக்ஸ் ஒன்றை மாற்றியதில் காரின் உட்புறம் முழுவதும் கலைந்துபோகிறது. இன்ஜினை மட்டும் மாற்றியவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் அவர்கள் எடுத்துப்போடும் பெரிய சான்று, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இதைச் செய்தது என்பது. உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் இசுசூ இன்ஜினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் சேர்த்து அம்பாசடரில் வைத்து, 1800 ஐ.எஸ்.இசட். என்ற பெயரில் விற்றது. தனி இருக்கைகளும் அதோடுதான் வந்தன. ஆனால் அது உத்தர்பாரா தொழிற்சாலை தன் காலத்தின் தேவைக்காக, தன் பெயரில், புதிதாகச் செய்த ஒரு மாடல். இன்று அதுவே பாதுகாக்க வேண்டிய ஒரு வரலாறு. அந்த வண்டி ஒன்றை உடைத்து ஜோடியை உருவி மார்க் 2வுக்குள் போடுகிறவர், ஒரே வேலையில் இரண்டு கார்களை அழிக்கிறார். 1965ஆம் ஆண்டுக் காரும் இல்லை, 1990களின் காரும் இல்லை. முன்னது ஓடாகவும் பின்னது உதிரியாகவும் முடிகின்றன. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன ஒரு காரில் இப்படிக் கழித்துக்கொண்டே போக எத்தனை காலம் மிச்சமிருக்கிறது?

‘நாளைக்கே பழசை மாட்டிடலாம்’ என்ற வாக்குறுதிக்கு வருவோம். தரை கியருக்காகத் தகட்டை கேஸ் கட்டிங்கில் அறுத்தாயிற்று. கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பரின் இடம் மாறியதால் பழைய தாங்கியை வெட்டி வேறிடத்தில் வெல்டிங் வைத்தாயிற்று. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் ஒத்துவராமல் பெரும்பாலும் வெட்டி ஒட்டப்படுகிறது, அல்லது வேறொன்று வாங்கப்படுகிறது. ஸ்டீயரிங் தண்டோடு ஓடிய கியர்க் கம்பிகளும் அவற்றின் தாங்கிகளும் தேவையற்றவை என்று கழற்றி மூலையில் எறியப்படுகின்றன. ஸ்பீடோமீட்டர் கேபிள் வேறு பல்லில் சுழல்வதால் காட்டும் வேகம் பொய், ஓடிய தூரமும் பொய். இவ்வளவையும் பின்னோக்கி நடத்த ஒருவர் முன்வந்தாலும் முதலில் அந்தப் பழைய கியர்பாக்ஸ் கையில் இருக்க வேண்டுமே! அது இருப்பதில்லை. நான் பார்த்த பட்டறைகளில் கழற்றிய இன்ஜினைக் கோணி போட்டு மூடி ஷெட்டில் வைத்துக்கொள்கிறார்கள். கியர்பாக்ஸ் காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது, அல்லது புதுப்பேட்டையில் யாரோ ஒருவரின் உதிரிபாகக் குவியலில் சேர்ந்து கரைகிறது.

இந்தப் பாகுபாட்டுக்குக் காரணம் காகிதத்தில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் உண்டு, சேசிஸ் எண் உண்டு. கியர்பாக்ஸுக்கு அதில் இடமே இல்லை. இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். கியர்பாக்ஸை மாற்றியதை யாரும் கேட்பதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டைக் கடந்து, மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு பதிவெண் கிடைக்கும். மூல வடிவம் என்பதை விளக்கும் இடத்தில் அந்த விதி சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கியர்பாக்ஸின் பெயர் அங்கே இல்லை. ஆகவே என்றாவது தேவைப்படும் என்று இன்ஜினைப் பத்திரப்படுத்துகிறார்கள், யாரும் கேட்காத கியர்பாக்ஸைத் தூக்கிப் போடுகிறார்கள். பழம்பெரும் வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம், கழற்றப்படும் மூல பாகங்களை வண்டியோடு சேர்த்து வைத்திருக்கச் சொல்கிறது. நம் கண்காட்சிகளில் பரிசுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, குரோமியத்தை விரலால் தடவிப் பார்த்து, டயரின் வெள்ளை வளையத்தைப் பாராட்டுகிறார்கள். கழற்றிய கியர்பாக்ஸ் எங்கே என்று கேட்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை. அந்தக் கேள்வி மதிப்பெண் தாளில் ஏறினாலே பாதிக் கியர்பாக்ஸ்கள் தப்பும்.

பழைய கியர் மாட்டிக்கொள்ளும், நடுச்சாலையில் பானெட்டைத் திறந்து கம்பியை ஆட்டிவிட வேண்டியிருக்கும் என்பார்கள். ஆம், மாட்டிக்கொள்ளும். கம்பிகளின் மூட்டுகளில் இருக்கும் புஷ்கள் தேய்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அவற்றைக் கடைந்து மாற்றி, கம்பிகளின் நீளத்தைச் சரியாக வைத்து, கிரீஸ் விட்டால் அந்தக் கியர் ஒற்றை விரலுக்கு விழும். தேய்ந்த பேரிங்கை மாற்றலாம். இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையம் போயிருந்தால் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போடலாம்; அதற்காகத்தான் எடைக்குப் போகும் பெட்டிகள் எடைக்குப் போகாமல் இருக்க வேண்டும். ஜோடி ஒன்றை வாங்கி, தரையை அறுத்து, ஷாஃப்ட்டை வெட்டி, இருக்கையை மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது இந்த வேலைக்கு. தெரிந்த மெக்கானிக் கிடைப்பதில்லை என்பது மட்டுமே இதில் உண்மையான தடை. அவர்கள் குறைந்துபோனதற்கு வேலை வராமல் போனதும் ஒரு காரணம்.

தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிறவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவர் ஆகியோரைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்கு வண்டி ஓட வேண்டும், எந்த ஜோடியைப் போட்டாலும் சரி. காரைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, பரிசுக்காக வரிசையில் நிறுத்துகிறவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை ஓட்டும் காருக்கு ஐந்தாவது கியர் எதற்கு?