தேடித் தருபவரும் தரகரும்

நம் வீடுகளில் எந்தச் சந்தேகம் வந்தாலும் "கூகுள்ல போட்டுப் பார்" என்பதே முதல் பதில். மருந்து, மாப்பிள்ளை, குறளுக்கு உரை எல்லாம் அங்கேதான். இப்படி வழி காட்டுகிறவருக்குப் படியளப்பவர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வியாபாரிக்கு முதலில் தோன்றுகிற கேள்வி அதுதான்.

விடை வேறெங்கும் இல்லை. கூகுளை உண்டாக்கிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கத்தின் தகுதி என்ன என்று பார்த்து மதிப்பிடுவதே அதன் உயிர்க்கருத்து. நமக்கு இது அந்நியமல்ல. அடியார்க்கு நல்லார் தம் சிலப்பதிகார உரையில் சுட்டியதால்தானே, மறைந்துபோன சில நூல்களின் பெயராவது நமக்குக் கிடைத்தது! சான்றோர் சுட்டினால் மதிப்பு என்பதைக் கணக்காக்கியது அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

கட்டுரையின் பின்னிணைப்புதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. விளம்பரக் காசில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று அவர்களே அங்கே எழுதுகிறார்கள். உதாரணமும் உண்டு. தங்கள் பொறியில் 'செல்லுலார் போன்' என்று தேடினால், வண்டி ஓட்டும்போது போன் பேசுவது கவனத்தைக் குலைக்கும் என்ற ஆய்வு முன்வரிசையில் வந்ததாம். போன் கம்பெனியிடம் காசு வாங்குகிறவன் அதை முன்னே வைப்பானா?

2000 அக்டோபரில் அவர்களே விளம்பரக் கடை திறந்தார்கள். 2002-இல் சொற்களை ஏலம் விட்டு, சொடுக்குக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1998-இல், கோடூ என்ற நிறுவனம் தொடங்கிய வழி அது. கூகுள் அதில் ஒரு நுட்பம் சேர்த்தது: தொகை மட்டும் போதாது, ஜனங்கள் சொடுக்குகிற விளம்பரமாகவும் இருக்க வேண்டும். மண்டி ஏலம் பார்த்தவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும். வாடிக்கையாளனே தன் தேவையைச் சொல்லிக்கொண்டு வருகிறான். ஊரெல்லாம் கூவ வேண்டியதில்லை.

தரகு வாங்குவது தப்பில்லை. தராசு பிடிக்கிறவனே பக்கத்தில் கடையும் போட்டால்தான் சங்கடம். சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் ஒரு நுகர்வோர் அமைப்பும் தொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. விமானப் பயணத் தேடலில் தன் பக்கத்துக்கே முன்னிடம் கொடுத்தது குற்றங்களில் ஒன்று. விளம்பர ஏலத்தில் ஆணையம் குற்றம் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போன்களிலும் உலாவிகளிலும் தானே முதலில் நிற்பதற்காக 2021-இல் மட்டும் அது கொடுத்தது சுமார் 2,630 கோடி டாலர்! சரக்கு முதல்தரம் என்பதை நீதிபதியும் மறுக்கவில்லை. பிறகு வாசலைப் பிடிக்க இவ்வளவு கொடுப்பானேன்? எதிரே வந்து நிற்பதை மனிதன் மாற்றுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பழக்கம்தான் என் கவலை. முதலில் வந்ததே சரி என்று நின்றுவிடுகிறோம். இந்தியாவில் 2024 முதல் எந்திரம் எழுதிய சுருக்கமும் பல தேடல்களில் மேலேயே வந்துவிடுகிறது. மூலத்தைத் திறந்து பார்க்கும் சிரமமும் போயிற்று. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு எதிர்வீட்டுத் தமிழாசிரியர் கிடையாது, தெருமுனைத் தமிழ் நூலகமும் கிடையாது. தமிழைப் பற்றிய சந்தேகத்தையும் இந்தத் தரகரிடமே கேட்கிறார்கள்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை சொன்னார். கோல் சாய்கிறதா என்று பார்க்கும் கண் நம்மிடம் இருக்க வேண்டும். விளம்பரம் என்ற சின்ன எழுத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரண்டு மூன்று பக்கங்களையாவது திறந்து ஒப்பிடச் சொல்லுங்கள். எழுதியவர் யார், காசு கொடுத்தவர் யார் என்று கேட்கப் பழக்குங்கள். அதன்பிறகு கூகுள் நல்ல வேலைக்காரன்தான்.