காசு, பஞ்சு, பச்சை

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும் பீகார் தம்பி ஒருவன், தமிழ் கற்றுக்கொள்ள ஒரு நோட்டு வைத்திருக்கிறான். காதில் விழும் சொல்லையெல்லாம் இந்தி எழுத்தில் குறித்துக்கொள்வான். ஒருநாள் டீ நேரத்தில் அதை வாங்கிப் புரட்டினேன். இந்தி எழுத்து எனக்குத் தட்டுத் தடுமாறிப் படிக்க வரும். காசு, பஞ்சு, பச்சை என்று வரிசையாக எழுதியிருந்தான். நாம் 'ச' போடுகிற இடத்தில் அவன் போட்டிருந்தது மூன்று வேறு எழுத்துகள். காசுக்கு 'ஸ', பஞ்சுக்கு 'ஜ', பச்சைக்கு 'ச'.

"தப்பு தம்பி, மூணும் ஒரே எழுத்துதான்" என்றேன்.

"இல்லீங்க்கா, நீங்க மூணு மாதிரி சொல்றீங்க."

சொல்லிப் பார்த்தேன். அட, ஆமாம்! நாற்பது வருசமாக என் வாயிலேயே இருந்தது என் காதுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க லைனில் யார் பேசினாலும் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த வருசம் புத்தகத் திருவிழாவில் முத்துச் சண்முகன் எழுதிய 'இக்கால மொழியியல்' கண்ணில் பட்டது. பயந்துகொண்டேதான் வாங்கினேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அதை நான் படித்த வேகத்தில் தொடர்கதை கூடப் படித்ததில்லை. ஒலியன், மாற்றொலி என்று இரண்டு சொற்கள். அவ்வளவுதான், தம்பியின் நோட்டு அப்படியே விளங்கிவிட்டது. 'ச' நம் மனசுக்குள் ஒன்றே ஒன்று, அது ஒலியன். வாயிலிருந்து வரும்போது உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஒரு மாதிரி, ஞகர மெய்க்குப் பின்னால் ஒரு மாதிரி, இரட்டிக்கும்போது ஒரு மாதிரி. இவை மாற்றொலிகள். ஒன்று நிற்கும் இடத்தில் இன்னொன்று வராது. அதனால்தான் தமிழுக்கு ஒரே எழுத்து போதும். இந்தியிலோ இந்த மூன்றும் பொருளையே மாற்றிவிடும் மூன்று ஒலியன்கள். அதனால் தம்பியின் காது பிரித்துக் கேட்கிறது. 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், தமிழ் ஒலி இப்படி இடத்துக்கு இடம் மாறுவதை ஒரு விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்த வாரம் தம்பி விட்டானா? "அக்கா, பனியும் பனியனும் ஒரே எழுத்துங்களா?" என்று வந்து நின்றான். என்ன கேள்வி! ஊரே பனியனில் பிழைக்கிறது, அந்தச் சொல்லின் முதல் ஒலி தமிழின் ஒழுங்குக்குள் இல்லை. சொல்லின் தொடக்கத்தில் 'ப' அழுத்தமாகத்தான் வர வேண்டும். பனியனில் அது மெத்தென்று வருகிறது, கடன் வாங்கிய சொல் என்பதால். குஜராத்தில் வணிகரைக் குறித்த வாணியோ என்ற சொல் போர்ச்சுகீசியர், ஆங்கிலேயர் வாயில் பனியன் ஆகி, அந்த வணிகர்கள் உடுத்தியது போன்ற தளர்ந்த சட்டைக்குப் பெயராகி, கடைசியில் உள்சட்டைக்கு வந்து நின்றிருக்கிறது. வியாபாரியின் பெயரைத்தான் நாம் டஜன் கணக்கில் அடித்து கப்பலேற்றுகிறோம் என்று தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

'அடித்து' என்றேன் பாருங்கள். இங்கே 'தைப்பது' காதில் விழுவதே அபூர்வம். ஓவர்லாக் அடிப்போம், சிங்கர் அடிப்போம். சிங்கர் என்பது ஒரு கம்பெனியின் பெயர். இங்கே எந்தக் கம்பெனி ஒற்றை ஊசி மெஷினுக்கும் அதுதான் பெயர்.

ஆனால் எனக்கு உயிர் என்றால் 'கைமடி'தான். டெய்லர் பக்கத்தில் நின்று பீஸை மடித்துக் கொடுக்கிற ஆளைத்தான் அப்படிச் சொல்வோம். மரங்கொத்தியில் கொத்து என்ற வினையோடு 'இ' சேர்ந்து கொத்துகிற பறவையானது. கைமடியிலும் கடைசியில் இகரம் இருக்கிறது. ஆனால் அது மடி என்ற வினைக்கே சொந்தம். அப்படியானால் ஆளைக் காட்டுகிற விகுதி எங்கே? கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது! சுழி உருபன் என்று மொழியியல் சொல்வதைத்தான், 'விகுதி புணர்ந்து கெட்டது' என்று நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். இல்லாத ஒன்றுக்கும் இடம் போட்டு வைத்த அந்த மூளையை நினைத்தால் சிலிர்க்கிறது.

எங்கள் கொங்கு 'ங்க'வையும் கவனியுங்கள். வினையோடு மட்டுமா ஒட்டுகிறது? பச்சைங்க, நாளைக்குங்க, டேமேஜுங்க. எந்தச் சொல்லின் வாலிலும் போய் மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும். தம்பி முதலில் கற்றுக்கொண்டதும் இதைத்தான்.

நன்னூலையும் சொல்லாமல் இருக்க முடியாது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் கேட்டுக்கொள்ள அதை எழுதிய பவணந்தியை, பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர்கள் தங்கள் ஊர்க்காரர் என்று கொண்டாடுகிறார்கள். இலக்கண நூல் எப்படி உருவாகிறது என்பதற்கு அதன் பாயிரத்தில் சொல்லியிருக்கிற உவமை என்ன தெரியுமா? நூல் நூற்பது! சொல்தான் பஞ்சு, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவள் கை, அறிவு கதிர். இங்கேயிருந்து பஸ்ஸில் போய்விடலாம் என்கிற தூரத்து மண்ணில் பஞ்சையும் சொல்லையும் இப்படிச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்தபோது, ஸ்பின்னிங் மில்லில் காலம் தள்ளிய என் அம்மாவை எழுப்பிச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

இப்போது நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 'கரை'யும் 'கறை'யும் அதில் உண்டு. எழுத்தில் இரண்டு, எங்கள் பேச்சில் ஒன்று; நாகர்கோவில் பக்கம் இன்னும் பிரித்துச் சொல்கிறார்கள். போன ஜூனில் எழுதியதைக் கேளுங்கள். மூத்த டெய்லர் அக்கா ஒருவர் கைமடிப் பெண்ணிடம், "பீஸ் கட்டியாச்சா கண்ணு?" என்றார். அவள் சொன்னாள்: "இல்லீங்க்கா, இன்னும் ரெண்டு டஜன் இருக்குது." அக்கா கேட்டது அவள் பையனின் பள்ளிக்கூடப் பீஸை.